த்ரீவ் கோட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஓர் ஆற்றுத் தீவின் நடுவே, கூரை இல்லாத கல் கோபுரம் ஒன்று 650 ஆண்டுகளாக நிற்கிறது. பெயர் த்ரீவ். அதன் படத்தைப் பார்த்தவர்களும் நேரில் போய் வந்தவர்களும் கேட்கிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளம். கதை நீளம் என்பதால் வேறு வழியில்லை.

த்ரீவ் சரியாக எங்கே இருக்கிறது?

காலோவே என்ற வட்டாரத்தில், காஸில் டக்ளஸ் என்ற சிறு நகரத்துக்கு மேற்கே, டீ ஆற்றின் நடுவில். ஆற்றின் பெயருக்கும் நாம் குடிக்கிற டீக்கும் தொடர்பில்லை. ஸ்காட்லாந்தில் இதே பெயரில் இன்னொரு பெரிய ஆறும் உண்டு, அபர்தீன் பக்கம். அதைத் தேடிப் போனால் நாட்டின் மறுகோடிக்குப் போய்விடுவீர்கள்.

காஸில் டக்ளஸ் என்ற பெயரைப் பார்த்து, டக்ளஸ் பிரபுக்கள் கோட்டையை ஒட்டி உருவாக்கிய ஊர் என்று நினைப்பது இயல்பு. அப்படி இல்லை. கார்லிங்வார்க் என்று அழைக்கப்பட்ட ஊரை 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் டக்ளஸ் என்ற பணக்கார வணிகர் வாங்கித் தன் பெயரை வைத்தார். கோட்டை கட்டி நானூறு வருஷம் கழித்து நடந்தது அது.

இது கோட்டையா, வீடா?

இரண்டும்தான். இந்த வகைக் கட்டடத்தைக் கோபுர வீடு என்பார்கள். வழக்கமான வீட்டில் அறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதே அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுற்றிலும் தடித்த கல் சுவர் எழுப்பினால் கோபுர வீடு. சாமான் அறை அடியில், சமையல் அதற்கு மேல், விருந்துக்கூடம் அதற்கும் மேல், எஜமானரின் படுக்கை இன்னும் மேலே. இப்படிக் கட்டினால் காக்க வேண்டிய வாசல் ஒன்றுதான். எதிரி தீ வைத்தாலும் கல் எரியாது.

14-ம் நூற்றாண்டிலிருந்து 17-ம் நூற்றாண்டு வரை ஸ்காட்லாந்தில் நிலம் வைத்திருந்தவர்கள் வீடு கட்டிய முறை இதுதான். பெரிய பிரபுவும் கட்டினார், சின்ன நிலக்கிழாரும் கட்டினார், அளவுதான் வேறு. 1535-ல் பாராளுமன்றம் ஒரு சட்டமே போட்டது: இங்கிலாந்து எல்லைப் பகுதியில் 100 பவுண்டு மதிப்புள்ள நிலம் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் 60 அடிக்கு 60 அடியில் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒரு மதில் முற்றம் கட்ட வேண்டும், தேவைப்பட்டால் உள்ளே ஒரு கோபுரமும் வேண்டும் என்று. கொள்ளைக்காரர்கள் வந்தால் ஊர் மக்களும் மாடுகளும் உள்ளே புகுந்துகொள்வதற்காக.

த்ரீவ் அந்தச் சட்டத்துக்கு நூற்று அறுபது வருஷத்துக்கும் முந்தையது. இந்த வகையில் மிகப் பழையவற்றில் ஒன்று, பெரியவற்றிலும் ஒன்று.

யார் கட்டியது?

ஆர்ச்சிபால்ட் டக்ளஸ். வரலாற்றில் 'கடுகடு ஆர்ச்சிபால்ட்' என்று பெயர் வாங்கியவர். போர்க்களத்தில் அவர் முகத்தைப் பார்த்து எதிரிகள் வைத்த பெயராம்.

இவருடைய தந்தை சர் ஜேம்ஸ் டக்ளஸ், ராஜா ராபர்ட் ப்ரூஸின் வலது கை. 1329-ல் ராஜா இறந்தபோது, தன் இதயத்தைப் புனித பூமிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டுப் போனார். ஜேம்ஸ் அந்த இதயத்தைச் சுமந்துகொண்டு கிளம்பினார், வழியில் ஸ்பெயினில் தெபா என்ற இடத்தில் 1330-ல் போரில் விழுந்தார். அதனால்தான் டக்ளஸ் குடும்பச் சின்னத்தில் இன்றும் ஒரு சிவப்பு இதயம் இருக்கிறது.

ஆனால் ஆர்ச்சிபால்ட் முறைப்படி பிறந்த மகன் இல்லை. வாரிசுரிமை எதுவும் கையில் இல்லாமல், வாளை மட்டும் நம்பி மேலே வந்தவர். 1356-ல் பிரான்சில் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் மாட்டிக்கொண்டார். நல்ல கவசம் போட்டிருந்ததால் பெரிய ஆள் என்று தெரிந்துவிடும், மீட்புப் பணமும் பெரிதாகக் கேட்பார்கள். கூடவே பிடிபட்ட வில்லியம் ராம்சே என்பவர் சட்டென்று ஒரு நாடகம் ஆடினாராம். "அடேய், எஜமானர் கவசத்தைத் திருடிப் போட்டுக்கொண்டாயா" என்று கத்தி, காலணியைக் கழற்றச் சொல்லி, அதாலேயே ஆர்ச்சிபால்டை அடித்தார். பார்த்த ஆங்கிலேயர்கள் வேலைக்காரன்தான் போல என்று நம்பி, 40 ஷில்லிங் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். பழைய வரலாற்றாசிரியர் எழுதி வைத்த கதை இது. முழுக்க உண்மையா என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் செருப்படி வாங்கித் தப்பியவர் பின்னாளில் தெற்கு ஸ்காட்லாந்தையே கையில் வைத்திருந்தார்.

1369-ல் ராஜா இரண்டாம் டேவிட் அவருக்குக் கிழக்குக் காலோவேயைக் கொடுத்தார். 1372-ல் மேற்குப் பாதியை, அதன் பிரபுவிடமிருந்து 500 பவுண்டுக்கு அவரே விலைக்கு வாங்கினார். 1388-ல் டக்ளஸின் மூன்றாம் ஏர்ல் ஆனார் (ஏர்ல் என்பது ஓர் உயர்ந்த பிரபுப் பட்டம்). 1400-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் த்ரீவிலேயே இறந்தார்.

ஏன் தீவில் போய்க் கட்டினார்?

காலோவே மக்களை அவர் நம்பவில்லை, அவர்களும் அவரை நம்பவில்லை. கேலிக் மொழி பேசிய, தனிச் சட்டமும் தனிப் பிரபுக்களும் வைத்திருந்த வட்டாரம் அது. ப்ரூஸ் குடும்பத்தின் எதிராளிகளுக்குத்தான் நெடுநாள் ஆதரவாக இருந்தது. அங்கே ராஜாவின் ஆளாக வந்து உட்காருபவருக்கு நாலு பக்கமும் தண்ணீர் இருப்பது நல்லதுதானே.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த இடத்தில் பழைய காலோவே பிரபுக்களின் இருப்பிடம் இருந்திருக்கலாம் என்கிறார்கள். த்ரீவ் என்ற பெயரே குடியிருப்பு என்று பொருள்படும் பழைய பிரித்தோனிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. பழைய எஜமானர் உட்கார்ந்த இடத்திலேயே புது எஜமானர் உட்கார்ந்தால் ஊருக்குச் சொல்ல வேண்டிய சேதி தானாகப் போய்ச் சேரும்.

உள்ளே எப்படி இருந்தது?

வெளி அளவு ஏறக்குறைய 60 அடிக்கு 40 அடி. சுவர்த் தடிமன் சுமார் 8 அடி. அதாவது ஒரு சின்னப் படுக்கையறை அகலம், வெறும் சுவருக்கே. ஐந்து தளங்கள். கீழிருந்து மேலே போவோம்.

அடித்தளத்தில் சாமான் கிடங்கு. மாவு, உப்பு போட்ட இறைச்சி, மதுப் பீப்பாய்கள் இருந்த இடம். அங்கேயே ஒரு கிணறு. சுற்றிலும் ஆறு ஓடும்போது எதற்குக் கிணறு என்று கேட்காதீர்கள், முற்றுகை என்று வந்தால் ஆற்றங்கரையில் எதிரி உட்கார்ந்திருப்பான். அதே தளத்தின் ஒரு மூலையில், சுவர் வைத்து அடைத்த சிறைக்குழி. அதற்குப் பக்கவாட்டில் வாசல் கிடையாது, மேலிருந்துதான் இறக்குவார்கள். சோற்று மூட்டைக்கும் கைதிக்கும் ஒரே தளம்.

வாசல் தரையில் இல்லை, அதற்கு அடுத்த தளத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் மரப்படி வைத்து ஏறியிருப்பார்கள், ஆபத்து வந்தால் படியை எடுத்துவிடலாம். வாசலைத் தாண்டியதும் சமையல் தளம். பெரிய அடுப்பு, அதற்கு மேல் கல் வளைவுக் கூரை. மூலையில் சுவருக்குள்ளேயே செதுக்கின மாதிரி ஒரு சுழல் படிக்கட்டு.

அதில் ஏறினால் விருந்துக்கூடம். பிரபு தீர்ப்புச் சொன்னது, விருந்து வைத்தது, குத்தகை வாங்கியது எல்லாம் இங்கேதான். சன்னல் பள்ளத்தின் இரு பக்கமும் கல் இருக்கைகள் இருக்கின்றன. எட்டு அடிச் சுவர் என்பதால் சன்னலே ஒரு குட்டி அறை மாதிரி. கூடத்தில் நூறு பேர் சத்தம் போட்டாலும் அங்கே இரண்டு பேர் உட்கார்ந்து ரகசியம் பேசலாம். இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். போர் வீரரின் கோட்டை என்று எவ்வளவு சொன்னாலும், யாரோ ஒருவர் வெளிச்சத்துக்காக அங்கே உட்கார்ந்து துணி தைத்திருப்பார் என்று தோன்றும்.

கூடத்துக்கு மேலே குடும்பத்தின் தனியறைகள். உச்சித் தளம் முழுக்கக் காவலுக்கு. அங்கே வெளிச்சுவரைப் பார்த்தால் வரிசையாகச் சதுரத் துளைகள் தெரியும். அவற்றில் உத்திரங்களைச் செருகி, மூன்று பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரத் தாழ்வாரம் அமைப்பார்கள். அதில் நின்று கீழே சுவரோரம் வருகிறவன் தலையில் நேராகக் கல்லைப் போடலாம்.

கழிப்பறை இருந்ததா?

இருந்தது. சுவர்த் தடிமனுக்குள் சின்ன அறை, உள்ளே கல் இருக்கை, அதிலிருந்து கீழே போகும் குழாய் போன்ற வழி. இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், எல்லோரும் கேட்பதுதான்.

அத்தனை பேரும் அந்த ஒரு கோபுரத்துக்குள்ளேயா இருந்தார்கள்?

ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். கடுகடு ஆர்ச்சிபால்ட், ஆளற்ற தீவு, ஒற்றைக் கோபுரம் என்று படம் வரைந்து வைத்திருந்தார்கள். 1974 முதல் 1978 வரை நடந்த அகழாய்வு அந்தப் படத்தை மாற்றிவிட்டது. கோபுரத்தைச் சுற்றி வேறு கட்டடங்களின் அடித்தளங்கள் கிடைத்தன. அவற்றில் சில கணிசமான அளவுள்ள கல் கட்டடங்கள். தீவில் ஒரு சின்ன ஊரே இருந்திருக்கிறது.

கரையோரத்தில் படகுத்துறையும் தோண்டி எடுக்கப்பட்டது. அதன் சேற்றில்தான் புதையல். தங்கம் இல்லை, மரக் கிண்ணங்கள், தோல் சாமான்கள். காய்ந்த மண்ணில் மரமும் தோலும் சில பத்தாண்டுகளில் மக்கிப் போகும், ஆனால் காற்றுப் புகாத ஈரச் சேறு ஐந்நூறு வருஷத்துக்கு மேல் பாதுகாத்து வைத்திருந்தது. அதில் டக்ளஸ் இதயச் சின்னம் போட்ட மரத்தட்டும் ஒன்று. ஸ்பெயின் வரை சுமந்துபோன ராஜாவின் இதயம், கடைசியில் சாப்பாட்டுத் தட்டில் பெயர் போடுகிற அடையாளமாகிவிட்டது.

வாசலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கல் என்ன?

'தூக்குக் குமிழ்' என்று அதற்குப் பெயர். டக்ளஸ் பிரபுக்கள் அதில் தினமும் யாரையாவது தொங்கவிட்டார்கள், "என் குமிழுக்குக் குஞ்சம் இல்லாமல் இருந்ததே கிடையாது" என்று பெருமை பேசினார்கள் என்று ஊரில் கதை. சுற்றுலா வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் கண் விரியும். வாசலுக்கு நேர் மேலே எதிரி மீது கல் போடுவதற்கான மேடை அமைப்பது அந்தக் கால வழக்கம், இது அப்படிப்பட்ட ஒன்றைத் தாங்கிய கல்லாக இருக்கலாம் என்பது என் எண்ணம். தன் வீட்டுத் தலைவாசலிலேயே, விருந்தாளி வந்து போகிற இடத்தில், பிணம் தொங்கவிடுவாரா ஒரு பிரபு? சரி, இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்ல முடியாது.

பெண்கள் யாராவது இங்கே ஆண்டார்களா?

ஆண்டார், அதுவும் இருபது வருஷத்துக்கு மேல். நான்காம் ஏர்ல் 1424-ல் பிரான்சில் வெர்னாய் போரில் செத்தார். அவர் மனைவி மார்கரெட், ராஜா முதலாம் ஜேம்ஸின் சகோதரி. கணவர் போன பிறகு காலோவேயின் தலைவியாக த்ரீவில் இருந்துகொண்டு நிர்வாகம் பார்த்தார். 1440-ல் தன் பேரன்கள் இருவரையும் பறிகொடுத்ததும் இவர்தான். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன். வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆர்ச்சிபால்டைப் பற்றியே பேசுவார்கள், இந்த அம்மாளைப் பற்றி ஒரு வரி சொன்னால் அதிகம்.

டக்ளஸ்களுக்கும் ராஜாவுக்கும் என்ன தகராறு?

ராஜாவைவிடப் பெரியவர்களாக வளர்ந்துவிட்டார்கள், அதுதான் தகராறு.

1440-ல் ராஜா இரண்டாம் ஜேம்ஸுக்குப் பத்து வயது. அவர் பெயரில் நாட்டை ஆண்டவர்கள், இளம் ஆறாம் ஏர்ல் வில்லியமையும் அவர் தம்பி டேவிட்டையும் எடின்பரோ கோட்டைக்கு விருந்துக்கு அழைத்தார்கள். சாப்பாடு முடியும் நேரத்தில் பிடித்து, விசாரணை என்று ஒன்று நடத்தி, தலையை வெட்டினார்கள். இதைக் 'கறுப்பு விருந்து' என்பார்கள். மரணத்துக்கு அறிகுறியாகத் தட்டில் கறுப்புக் காளையின் தலையைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது பின்னால் ஒட்டிய சரிகை. இந்தச் சாவால் லாபம் அடைந்தவர் பையன்களின் தாத்தாவுக்குத் தம்பியான 'தடியர் ஜேம்ஸ்'. ஏர்ல் பட்டம் அவருக்குத்தான் போயிற்று. சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

அவர் மகன் வில்லியம்தான் எட்டாம் ஏர்ல். கொல்லப்பட்ட பையன்களின் தங்கை, 'காலோவே அழகி' என்று பேர்பெற்ற இன்னொரு மார்கரெட்டைக் கட்டிக்கொண்டு, பிரிந்த சொத்தை மறுபடி ஒன்றாக்கினார். வேறு இரண்டு பெரிய ஏர்ல்களோடு ரகசிய உடன்படிக்கையும் செய்துகொண்டார். ராஜாவுக்கு இப்போது வயது வந்துவிட்டது. 1452 பிப்ரவரி 22 அன்று, உயிருக்கு உத்தரவாதக் கடிதம் கொடுத்து ஸ்டர்லிங் கோட்டைக்கு அழைத்து, அந்த உடன்படிக்கையை முறித்துவிடு என்றார். ஏர்ல் மறுத்தார். ராஜா தன் கையாலேயே கத்தியை எடுத்துக் குத்தினார், கூட இருந்தவர்கள் மிச்சத்தை முடித்தார்கள். உடலில் 26 காயங்கள் என்று அந்தக் காலக் குறிப்பு சொல்கிறது.

தலையில்லாத உடல் கதை உண்மையா?

அந்தக் கொலைக்குச் சற்று முன்னால் நடந்ததாகச் சொல்வது. எட்டாம் ஏர்ல், மெக்லெலன் என்ற உள்ளூர்ப் பிரமுகரைப் பிடித்து த்ரீவில் அடைத்தார். அவரை விடச் சொல்லி ராஜாவின் கடிதத்தோடு வந்தார் சர் பாட்ரிக் கிரே, மெக்லெலனின் மாமா. "பசியோடு இருக்கிறவனிடம் காரியம் பேசக் கூடாது, முதலில் சாப்பிடுங்கள்" என்று உபசரித்தாராம் ஏர்ல். விருந்து நடக்கும்போதே வெளியே மெக்லெலனின் தலை போயிற்று. சாப்பிட்டு முடித்துக் கடிதத்தைப் படித்துவிட்டு, "கொஞ்சம் தாமதமாகிவிட்டதே, தலை இல்லை, உடம்பை வேண்டுமானால் கொண்டுபோங்கள்" என்றாராம்.

நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது என்பதால் வரலாற்றாசிரியர்கள் இதை முழுசாக நம்புவதில்லை. ஆனால் ஸ்டர்லிங்கில் ராஜா குத்தியதும் கோடரியோடு பாய்ந்தவர் இதே பாட்ரிக் கிரே என்று பதிவு இருக்கிறது. அந்த ஒரு விவரத்தை விளக்கத்தான் கதை பிறந்ததா, கதையால்தான் அந்தக் கோடரி வந்ததா, யார் கண்டது.

கோபுரத்தை ஒட்டி வட்டக் கொத்தளத்தோடு ஒரு மதில் இருக்கிறதே, அது என்ன?

அவசரமாகக் கட்டியது. கட்டடக் கலையில் த்ரீவின் உண்மையான பெருமை இதுதான் என்பேன்.

பீரங்கி வந்ததும் உயரமான கோபுரத்துக்கு ஆபத்து வந்தது. உயரம் என்பது இப்போது குறி வைக்கச் சுலபமான இலக்கு. 1447 வாக்கில் எட்டாம் ஏர்ல் கோபுரத்தின் அருகிலேயே ஒரு தாழ்ந்த மதிலை எழுப்பினார். குண்டு பட்டால் வழுக்கிப் போகும்படி அடிப்பாகம் சாய்வாக இருக்கும். மதிலில் வில்லாளிகளுக்கு நீண்ட ஒடுக்கமான இடைவெளிகள். மூன்று மூலைகளிலும் உருண்டைக் கொத்தளங்கள், அவற்றில் பீரங்கி வாய் வைக்கும் துளைகள். சில துளைகள் தலைகீழ்ச் சாவித்துவாரம் போல, சில டம்பெல் போல இரண்டு பக்கமும் உருண்டையாக. எதிரிலே அகழி. பீரங்கியை எதிர்ப்பதற்காகவே, பீரங்கியை வைத்துக்கொண்டே காப்பதற்காகக் கட்டிய அமைப்புகளில் பிரிட்டனிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று இது. முன்பெல்லாம் இதை அடுத்த நூற்றாண்டுக் கட்டுமானம் என்று நினைத்திருந்தார்கள். அகழாய்வில் கிடைத்த மரங்களின் ஆண்டு வளையங்கள்தான் தேதியைத் திருத்தின.

இதற்குக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? மேலே சொன்னேனே, கோபுரத்தைச் சுற்றி இருந்த பெரிய கட்டடங்கள், அவற்றை இடித்துத்தான். சுடுவதற்கு இடம் வெட்டவெளியாகவும் ஆயிற்று, கல்லும் கையோடு கிடைத்தது. தன் வீட்டில் பாதியை இடித்துத்தான் மிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

1455 முற்றுகையில் கோட்டை எப்படி விழுந்தது?

விழவில்லை. விலைக்குப் போயிற்று.

கொல்லப்பட்டவரின் தம்பி ஜேம்ஸ் ஒன்பதாம் ஏர்ல் ஆகியிருந்தார். 1455-ல் ராஜா முழு மூச்சாக டக்ளஸ்கள் மேல் பாய்ந்தார். மே 1-ம் தேதி ஆர்கின்ஹோமில் ஏர்லின் தம்பிகள் தோற்றார்கள். ஏர்ல் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடி, ஆங்கிலேய ராஜாவிடம் த்ரீவை எழுதிக் கொடுத்து உதவி கேட்டார். அங்கிருந்து பணம் கிளம்பியது, படை வரவில்லை. கடைசியில் எஞ்சியது த்ரீவ் மட்டும்.

இரண்டாம் ஜேம்ஸ் பக்கத்தில் டாங்லாண்ட் மடத்தில் தங்கி முற்றுகையை நேரில் கவனித்தார். அவருக்குப் பீரங்கி என்றால் பைத்தியம். பெரிய பீரங்கி ஒன்றை இழுத்து வரச் செய்தார். வாரக்கணக்காகச் சுற்றி வளைத்தும் தீவு பணியவில்லை. அந்தத் தாழ்ந்த மதில் தன் வேலையைச் செய்தது. பிறகு காவற்படை சரணடைந்தது. ஏன் என்பதற்கு விடை ராஜாவின் சொந்தக் கணக்கேட்டில் கிடைக்கிறது: கோட்டையை ஒப்படைத்தவர்களுக்குப் பணமும் நிலமும் கொடுத்த வரவு செலவு. பீரங்கிக்குத் திறக்காத வாசல் பணப்பைக்குத் திறந்தது.

மான்ஸ் மெக் பீரங்கி இங்கேதான் சுட்டதா?

இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் சாகாத கதை இது.

மான்ஸ் மெக் என்பது எடின்பரோ கோட்டையில் இன்றும் இருக்கிற ராட்சத பீரங்கி. எடை 6 டன்னுக்கு மேல், 150 கிலோ கல் குண்டை வீசக் கூடியது. காலோவேக்காரர்கள் சொல்வது: ப்ரானி கிம் என்ற உள்ளூர்க் கொல்லர் தன் மகன்களோடு சேர்ந்து த்ரீவை உடைக்கவே இதைச் செய்து கொடுத்தார், முதல் குண்டு சுவரைத் துளைத்துப் போய், மதுக் கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டுபோன காலோவே அழகியின் கையைக் கொய்துவிட்டது.

உண்மை: பெல்ஜியத்திலுள்ள மான்ஸ் நகரில் 1449-ல் செய்யப்பட்டது. பர்கண்டி கோமகன் பிலிப் அதை இரண்டாம் ஜேம்ஸுக்கு 1457-ல்தான் அனுப்பினார். த்ரீவ் முற்றுகை முடிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. காலோவே அழகியின் கைகள் இரண்டும் பத்திரமாக இருந்தன, ராஜாவின் உறவினர் ஒருவரோடு அவருக்கு மறுமணமும் ஆனது. பீரங்கியால் நிஜமாகவே அடிபட்டவர் ராஜாதான். 1460-ல் ராக்ஸ்பரோ முற்றுகையில் அவர் பக்கத்தில் நின்ற பீரங்கி வெடித்து, 29 வயதில் இறந்தார்.

அப்புறம் யார் கையில் இருந்தது?

அரசுடைமை ஆயிற்று, காவலர்கள் மாறி மாறி வந்தார்கள். 1526 முதல் மேக்ஸ்வெல் குடும்பத்துக்குப் பரம்பரைக் காவல் உரிமை. 1542-ல் சால்வே மாஸ் போரில் அந்தக் குடும்பத் தலைவர் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். விடுதலைக்காக நடந்த பேரத்தில் கோட்டை கொஞ்ச காலம் ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பி வந்தது. 1588-ல் மேக்ஸ்வெல் பிரபு ஸ்பெயின் பக்கம் சாய்ந்தபோது ராஜா ஆறாம் ஜேம்ஸ் படையோடு வந்தார், அப்போதும் த்ரீவ் சண்டையில்லாமலே பணிந்தது.

இப்போதைய இடிபாட்டுக்கு யார் காரணம்?

காலமும் மழையும் என்று சொல்வது வழக்கம். இங்கே அது உண்மையில்லை, உத்தரவு போட்டு இடித்தார்கள்.

1640-ல் ராஜா முதலாம் சார்ல்ஸுக்கும், அவருடைய மத ஏற்பாடுகளை ஏற்காத ஸ்காட்லாந்து உடன்படிக்கையாளர்களுக்கும் சண்டை. மேக்ஸ்வெல் குடும்பத்து நித்ஸ்டேல் ஏர்ல் கத்தோலிக்கர், ராஜா பக்கம். த்ரீவில் ஆள் வைத்தார். 13 வாரம் முற்றுகை. இந்தத் தடவையும் சுவரில் ஓட்டை விழுந்து முற்றுகை முடியவில்லை. உங்களால் முடிந்த நிபந்தனைக்குச் சரணடையலாம் என்று ராஜாவே அனுமதி கொடுக்க, சரணடைந்தார்கள்.

வென்றவர்களின் உள்ளூர்ப் போர்க்குழு ஓர் ஆளுக்குப் பொறுப்புக் கொடுத்தது: கூரையின் பலகைக்கல் ஓடுகள், உச்சிக் கைப்பிடிச் சுவர், மரத் தளங்கள், கதவு, சன்னல், இரும்புச் சாமான் எல்லாவற்றையும் கழற்று என்று. வெடி வைத்துத் தகர்க்கவில்லை. கடன்காரர் வீட்டு ஜப்தி மாதிரி ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தார்கள். கூரை போனால் மழை இறங்கும், மழை இறங்கினால் யாரும் குடியிருக்க முடியாது. இன்று சுவரில் நிற்கும் அடுப்புகளையும், தரையில்லாமல் அந்தரத்தில் திறக்கும் கதவு வழிகளையும் பார்க்கும்போது அந்தப் பட்டியல் நினைவுக்கு வரும்.

பிரெஞ்சுக் கைதிகளை இங்கே வைத்திருந்தார்களாமே?

நெப்போலியன் காலப் போரின்போது அதற்காகக் கொஞ்சம் மராமத்து வேலை நடந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஏன் கூரை போடக் கூடாது?

1913-ல் அரசின் பராமரிப்புக்கு வந்தது, இப்போது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பு கவனிக்கிறது. சுற்றியுள்ள பண்ணை நிலமும் தோட்டமும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம்.

கூரை போடலாமே என்று கட்டடம் கட்டுகிறவர்கள் கேட்பதுண்டு. 1640-க்கு முன்னால் கூரை எப்படி இருந்தது என்பதற்கு வரைபடம் இல்லை. போட்டால் நாம் கற்பனை செய்த கூரையாகத்தான் இருக்கும். மேலும், கழற்றப்பட்ட நிலையும் இந்தக் கட்டடத்தின் வரலாற்றில் ஒரு பகுதிதான். இருப்பதை இருக்கிறபடியே விழாமல் பார்த்துக்கொள்வது போதும் என்பது என் கட்சி.

எப்படிப் போவது?

ரயில் வேண்டுமென்றால் டம்ஃப்ரீஸ் வரைதான். காஸில் டக்ளஸ் வழியாகப் போன பாதையை 1965-ல் மூடிவிட்டார்கள். டம்ஃப்ரீஸிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பேருந்திலோ காரிலோ வரலாம். வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து வயல்களுக்கு நடுவே ஒரு கால் மணி நேரத்துக்கு மேல் நடை. மழைக்குப் பிறகு சேறு இருக்கும், நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வேனிற்காலத்தில் அந்தப் பக்கம் மீன் பிடிக்கும் ஆஸ்ப்ரே பருந்துகள் கூடு கட்டும், தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள்.

பாதை ஆற்றங்கரையில் முடியும். பாலம் கிடையாது. அங்கே ஒரு பித்தளை மணி தொங்கும், அதை அடித்தால் எதிர்க்கரையிலிருந்து காவலர் சின்னப் படகை எடுத்துக்கொண்டு வருவார். ஒரு தடவை அடித்தால் போதும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.